படையில் இருப்பவரின் வீடு ஏலத்துக்குப் போகாமல் காப்பது எப்படி: அமெரிக்காவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு

என் கணவர் அமெரிக்க ராணுவ ரிசர்வில் இருக்கிறார். அவரைப் பணிக்கு அழைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய எட்டாவது மாதம், டெக்சாஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்டி நீதிமன்ற வளாகத்தில் வீடு ஏலம் விடப்படும் என்று அதில் இருந்தது. கையில் இருந்தது 21 நாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தனியாக இருந்தேன்.

வீடு தப்பியது. எங்களைக் காக்கும் சட்டம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. சரியான காகிதத்தைச் சரியான இடத்துக்கு நான் அனுப்பாததால்தான் அது எட்டு மாதம் எங்களுக்குப் பயன்படாமல் கிடந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் ஊர் விவரங்களைக் கடைசியாக உறுதி செய்ய வேண்டியவர் உங்கள் ராணுவத் தளத்தின் சட்ட உதவி வழக்கறிஞர். அவரிடம் போகும்போது என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்பதை இங்கே தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் இரண்டு தேதிகளை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் வீட்டுக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தேதியை எழுதுங்கள். அதன் கீழே முழுநேரப் படைப்பணி தொடங்கிய தேதியை எழுதுங்கள். எல்லாம் இந்த இரண்டில் எது முந்தியது என்பதில்தான் இருக்கிறது.

கடன் முந்தியது என்றால் சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட் என்ற மத்தியச் சட்டம் உங்களுக்கு வலுவான பாதுகாப்பு. சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ. என்பார்கள். பணியில் இருக்கும் காலம் முழுவதும், பணி முடிந்து மேலும் ஓராண்டு வரையும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்த வீட்டை ஏலம் விட முடியாது. விட்டாலும் அந்த விற்பனை செல்லாது. தெரிந்தே விற்பவர் மேல் குற்ற வழக்கே போடலாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சாதாரணமாக நீதிமன்றத்துக்கே போகாமல் ஏலம் விட்டுவிடுவார்கள் என்பதால் இந்த ஒரு விதி அங்கே உயிர்நாடி.

பணியில் சேர்ந்த பிறகு வாங்கிய கடன் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பயப்பட வேண்டாம், உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. 6-ஆம் படிக்குப் போங்கள்.

ரிசர்விலும், நேஷனல் கார்டு என்ற மாநிலப் பகுதிநேரப் படையிலும் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நீங்கள் படையில் பெயர் கொடுத்த நாளை இங்கே கணக்கில் எடுப்பதில்லை. எந்த முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டீர்களோ அதன் தேதிதான் கணக்கு. ரிசர்வில் இருப்பவருக்கு அழைப்பாணை கையில் கிடைத்த நாளிலிருந்தே பாதுகாப்பு தொடங்கிவிடும். கார்டில் இருப்பவரை ஆளுநர் மாநில வேலைக்கு மட்டும் அழைத்திருந்தால் இந்த மத்தியச் சட்டம் வராது. அதிபரோ பாதுகாப்பு அமைச்சரோ அனுமதித்து, தேசிய அவசரநிலைக்காக, மத்திய அரசுப் பணத்தில், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் என்றால் வரும். பல மாநிலங்களில் தனிச் சட்டமும் உண்டு, அதையும் கேளுங்கள்.

2. கடன் யார் பெயரில், எந்த வகை என்று பாருங்கள்

நம் குடும்பங்களில் சம்பளமும் கிரெடிட் ஸ்கோரும் யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவர் பெயரில் கடன் வாங்குவது வழக்கம். அது மனைவியின் பெயரில் மட்டும் இருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். படையில் இருப்பவர் பெயரில், அல்லது இருவர் பெயரிலும் இருந்தால் பிரச்சினை இல்லை. மனைவி பெயரில் மட்டும் இருந்தாலும், கணவரின் படைப்பணியால்தான் கட்ட முடியவில்லை என்று காட்டி, அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் மனைவியே நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்காது, மனுப் போட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கூடவே, கடன் வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத் துறை) கடனா, எஃப்.எச்.ஏ. (மத்திய வீட்டுவசதி நிர்வாகம்) கடனா, ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக் என்ற, மத்திய அரசு ஆதரவுள்ள நிறுவனங்கள் வாங்கிய கடனா என்பதைக் கண்டுபிடியுங்கள். வி.ஏ., எஃப்.எச்.ஏ. கடன் என்றால் பத்திரத்திலேயே இருக்கும், மற்றதைச் சர்வீசரைக் கேளுங்கள். சர்வீசர் என்றால் மாதத் தவணையை வாங்கும் நிறுவனம். கடன் கொடுத்தவரும் அவரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

3. பெயர் பொருந்துகிறதா? எங்கள் தவறு இங்கேதான் நடந்தது

வீட்டை ஏலம் விடுவதற்கு முன், கடன் வாங்கியவர் படையில் இருக்கிறாரா என்று, படையினரின் விவரங்களை வைத்திருக்கும் பாதுகாப்புத் துறையின் டி.எம்.டி.சி. இணையதளத்தில் சர்வீசர் தேடிப் பார்ப்பார். கடைசிப் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது பிறந்த தேதி, இவற்றை வைத்துத் தேடுவார்கள்.

நம் பெயர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் ஒரு மாதிரி. அப்பா பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், வெறும் முதலெழுத்தாகவும் நிற்கும். நாங்கள் வீடு வாங்கும்போது கணவருடைய சொந்தப் பெயர்தான் கடைசிப் பெயராகப் பத்திரத்தில் ஏறியிருந்தது. பிறகு படையில் சேர்ந்து, குடியுரிமை வாங்கும்போது பெயரை முறைப்படி மாற்றிக்கொண்டார். ராணுவப் பதிவு புதுப் பெயரில், கடன் பழைய பெயரில். சர்வீசர் பழைய பெயரை வைத்துத் தேடி, ‘படையில் இல்லை’ என்று கோப்பில் எழுதிவைத்துவிட்டார்கள். நான் தொலைபேசியில் எத்தனை முறை சொன்னாலும் அந்த ஒரு வரிதான் அவர்கள் கண்ணில் பட்டது.

இதைத் தடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்த இணையதளத்தில் நீங்களே தேடலாம், கட்டணம் இல்லை. பத்திரத்தில் உள்ள பெயரில் ஒரு முறை, ராணுவப் பதிவில் உள்ள பெயரில் ஒரு முறை தேடுங்கள். ‘பணியில் இருக்கிறார்’ என்று வரும் சான்றிதழைச் சேமித்து அச்செடுங்கள். இரண்டு பெயரும் வேறு என்றால் குடியுரிமைச் சான்றிதழின் நகலையோ பெயர் மாற்ற உத்தரவையோ கூடவே வையுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள். இன்னும் கடன் தவணை தவறவே இல்லை என்றாலும் இதை இன்றே செய்யுங்கள்.

4. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

வேண்டியவை இவை:

- பணிக்கு அழைத்த ஆணை, அதன் பின் வந்த திருத்த ஆணைகள் எல்லாம்
- கடைசி மூன்று மாத எல்.இ.எஸ்., அதாவது ராணுவச் சம்பளச் சீட்டு
- பணிக்குப் போகுமுன் இருந்த வேலையின் சம்பளச் சீட்டு
- கடன் பத்திரம், சர்வீசரின் கடைசி மாத அறிக்கை
- இரண்டு மாத வங்கிக் கணக்கு விவரம், கடைசி வருமான வரி அறிக்கை
- டி.எம்.டி.சி. சான்றிதழ்
- பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது அவருக்குப் பதிலாக நீங்கள் செயல்பட அவர் தரும் அதிகாரப் பத்திரம்

கடைசியில் உள்ளதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடன் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் அவருடைய அனுமதிப் பத்திரம் இல்லாமல் சர்வீசர் உங்களிடம் பேசவே மாட்டார். பொதுவான பவர் ஆஃப் அட்டர்னியைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதனால் வீட்டின் முகவரி, கடன் எண் இரண்டையும் குறிப்பிட்டு, ‘இந்தக் கடன் பற்றிப் பேச, திருத்த, விண்ணப்பிக்க’ என்று தெளிவாக எழுதிய தனிப் பத்திரம் வாங்குங்கள். ராணுவத் தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக எழுதித் தருவார்கள், நோட்டரியும் அங்கேயே இலவசம். அவர் கிளம்புவதற்கு முன் செய்தால் அரை நாள் வேலை. கிளம்பிய பிறகு என்றால் வாரக்கணக்கில் இழுக்கும்.

5. சர்வீசருக்கு எழுத்தில் அனுப்புங்கள்

ஃபோர்க்ளோஷர், அதாவது கடனுக்காக வீட்டைப் பறித்து ஏலம் விடுவது, அதிலிருந்து பாதுகாப்புக்கு நீங்கள் விண்ணப்பம் போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது தானாகவே உண்டு. ஆனால் சர்வீசரின் கோப்பில் நீங்கள் படையில் இருப்பது ஏறாத வரை ஏல வேலை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெயர், கடன் எண், கடன் தேதி, பணி தொடங்கிய தேதி, எஸ்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பாதுகாப்பு கோருகிறேன் என்ற வரி. ஆணையின் நகலும் சான்றிதழும் இணைப்பு.

அதே கடிதத்தில் வட்டிக் குறைப்பையும் கேட்டுவிடுங்கள். பணிக்கு முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்திலும் வீட்டுக்கடன் என்றால் அதற்குப் பின் ஓராண்டும் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மேலே உள்ள வட்டியைத் தள்ளிவைப்பதில்லை, அடியோடு தள்ளுபடி செய்ய வேண்டும். மாதத் தவணையும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். 2,40,000 டாலர் பாக்கி, வட்டி 7.5 சதவீதம் என்று வையுங்கள். மாத வட்டி 1,500 டாலர். 6 சதவீதத்தில் 1,200. மாதம் 300 டாலர் மிச்சம். பணி தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதால் தாமதமாகக் கேட்டாலும் பழைய மாதங்களுக்கும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இது தானாக வராது. எழுத்தில் கேட்க வேண்டும், பணி முடிந்த 180 நாளுக்குள் கேட்க வேண்டும். உங்கள் வட்டி ஏற்கெனவே 6-க்குக் கீழே என்றால் இதில் லாபம் இல்லை.

சர்ட்டிஃபைட் மெயிலில், ரிட்டர்ன் ரசீதுடன் அனுப்புங்கள். ஏறக்குறைய 10 டாலர் ஆகும். தவணை அனுப்பும் முகவரிக்கு அனுப்பாதீர்கள். மாத அறிக்கையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் கடிதங்களுக்குத் தனி முகவரி இருக்கும். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். நான் மூன்று மாதம் தொலைபேசியை மட்டும் நம்பினேன். கடைசியில் அவற்றில் ஒரு அழைப்புக்கும் அவர்கள் கோப்பில் தடயம் இல்லை.

இந்த உரிமையைக் கேட்டதற்காகவே உங்கள் கிரெடிட் அறிக்கையில் கெட்ட பெயர் எழுதக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தவணை தவறினால் அது தனி, பதிவாகும். இந்தச் சட்டம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. கட்டாத தவணைகள் சேர்ந்துகொண்டேதான் போகும், நீதிமன்றம் அனுமதித்தால் ஏலமும் நடக்கலாம். முடிந்ததைக் கட்டிக்கொண்டே வாருங்கள்.

6. பணியில் சேர்ந்த பின் வாங்கிய கடன் என்றால்

இங்கே உங்களுக்குத் துணை எல்லாருக்கும் பொதுவான மத்திய விதிகள். தவணை தவறி 120 நாளுக்கு மேல் ஆகும் வரை பெரும்பாலான சர்வீசர்கள் ஃபோர்க்ளோஷர் வேலையையே தொடங்க முடியாது. அந்த 120 நாளை வீணாக்காதீர்கள். லாஸ் மிட்டிகேஷன் விண்ணப்பம் (ஏலத்தைத் தவிர்க்க மாற்று வழி கேட்கும் விண்ணப்பம்) என்று கேட்டு வாங்கி, முழுமையாக நிரப்பிக் கொடுங்கள். ஏல நாளுக்கு 37 நாளுக்கு முன்பே முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கு முடிவு சொல்லும் வரை ஏலத்தை நடத்த முடியாது. 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

இதில் பொறி ‘முழுமையான’ என்ற சொல். ஒரு காகிதம் குறைந்தாலும் அது முழு விண்ணப்பம் ஆகாது. பெற்றுக்கொண்டதையும் என்ன குறைகிறது என்பதையும் 5 வேலை நாளுக்குள் அவர்கள் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரும் வரை ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பாருங்கள், வந்தவுடன் குறையை அனுப்புங்கள்.

வி.ஏ. கடன் என்றால் 877-827-3702 என்ற எண்ணில் வி.ஏ. கடன் அலுவலரிடம் பேசுங்கள். அவர்கள் உங்கள் சார்பில் சர்வீசரிடம் நேரே பேசக்கூடியவர்கள். வி.ஏ.-வின் உதவித் திட்டங்கள் சமீபத்தில் மாறியிருக்கின்றன. கடனையே வி.ஏ. வாங்கிக்கொள்ளும் ஒரு திட்டம் 2025 மே மாதம் நின்றுபோனது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதை நம்பி இருக்க வேண்டாம், இன்று என்ன இருக்கிறது என்று அந்த எண்ணிலேயே கேளுங்கள்.

இடமாற்ற ஆணை வந்து வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கிறதா? ஃபேனி மே, ஃப்ரெடி மேக் கடன்களில் அந்த ஆணையே நியாயமான கஷ்டமாக ஏற்கப்படும். ஒரு தவணையும் தவறியிருக்க வேண்டியதில்லை. தவறும் வரை காத்திருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

7. சட்ட உதவி அலுவலகம், பண உதவி

ராணுவத் தளத்தின் ஜாக் (ராணுவ வழக்கறிஞர்கள்) சட்ட உதவி அலுவலகம் படையில் இருப்பவருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் இலவசம். எந்தப் படைப்பிரிவின் தளம் பக்கத்தில் இருந்தாலும் போகலாம். ராணுவ அடையாள அட்டை வேண்டும், முன்பதிவு வேண்டும். ஏலத் தேதி வந்துவிட்டது என்றால் முன்பதிவு செய்யும்போதே அந்தத் தேதியைச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் நேரம் இருந்தது, தேதியைச் சொன்னதும் மறுநாள் காலை வரச் சொன்னார்கள். அந்த வழக்கறிஞர் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தைச் சர்வீசருக்கும், ஏலம் நடத்தும் டிரஸ்டிக்கும் அனுப்பினோம். ஆறாவது நாள் ஏலத்தை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. இந்த வழக்கறிஞர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட மாட்டார்கள். அது தேவைப்பட்டால் வெளியே யாரை அணுகுவது என்று வழிகாட்டுவார்கள்.

பணத்துக்கு: தரைப்படைக்கு ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப், கடற்படைக்கும் மரீன் படைக்கும் நேவி-மரீன் கோர் ரிலீஃப் சொசைட்டி, விமானப்படைக்கு ஏர் ஃபோர்ஸ் எய்ட் சொசைட்டி, கடலோரக் காவலுக்கு கோஸ்ட் கார்டு மியூச்சுவல் அசிஸ்டன்ஸ். வட்டியில்லாக் கடனும் சில வேளை திருப்பித் தர வேண்டாத உதவியும் தருவார்கள். எது எங்கே என்று தெரியாவிட்டால் மிலிட்டரி ஒன்சோர்ஸ், 800-342-9647, எந்த நேரமும் பேசலாம். ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த வீட்டுவசதி ஆலோசகர்களும் ஃபோர்க்ளோஷர் ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். லாஸ் மிட்டிகேஷன் படிவத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புவது நல்லது.

இன்னொன்று. ‘வெளியே தெரிந்தால் அசிங்கம்’ என்று நான் யூனிட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அது தவறு. கடன் தகராறு, ரகசியத் தகவல்களைக் கையாளத் தரும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸையே பாதிக்கக்கூடியது. மறைத்தது பின்னால் தெரியவருவதைவிட, நாமே முன்கூட்டிச் சொல்லி, இன்னின்ன நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று காட்டுவது எவ்வளவோ மேல். கணவர் சொன்ன பிறகு அவருடைய கமாண்டர்தான் எங்களுக்கு வேண்டிய கடிதத்தை இரண்டே நாளில் தந்தார்.

8. நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தால்

பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். படையில் இருப்பவர் வர முடியவில்லை என்று கேட்டால் குறைந்தது 90 நாள் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு இரண்டு கடிதம் வேண்டும். ஒன்று அவருடையது: பணியால் ஏன் வர முடியவில்லை, எப்போது வர முடியும் என்று. மற்றது கமாண்டருடையது: பணி காரணமாக வர இயலாது, இப்போது விடுப்பு தர முடியாது என்று. நமக்குத் தெரியாமலே தீர்ப்பாகிவிட்டது என்றாலும், பணி முடிந்த 90 நாளுக்குள் மனுப் போட்டு வழக்கைத் திறக்கக் கேட்கலாம். படைப்பணியால் வாதாட முடியாமல் போனது என்றும், சொல்வதற்கு நியாயம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும்.

9. கையெழுத்துப் போடுமுன் நில்லுங்கள்

எஸ்.சி.ஆர்.ஏ. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தனித் தாளில் கையெழுத்து வாங்க முயல்வார்கள். தவணையைக் குறைத்துத் தருகிறோம் என்ற பேச்சோடு சேர்த்து அந்தத் தாள் வரும். ஜாக் வழக்கறிஞர் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரீஃபைனான்ஸும் அப்படித்தான். பணியில் இருக்கும்போது ரீஃபைனான்ஸ் செய்தால் அது புதுக் கடன், அதன் தேதி பணிக்குப் பிந்தியது. 1-ஆம் படியில் சொன்ன பாதுகாப்பு கையை விட்டுப் போகும். வட்டி அரை சதவீதம் குறைகிறது என்று அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், ஏல அறிவிப்பு பொதுப் பதிவில் ஏறியதுமே ‘உங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறோம்’ என்று கடிதங்களும் அழைப்புகளும் குவியும். எனக்கு ஒரே வாரத்தில் பதினொன்று வந்தன. முன்பணம் கேட்பவர், தவணையைச் சர்வீசருக்குக் கட்டாமல் தனக்கு அனுப்பச் சொல்பவர், வீட்டுப் பத்திரத்தைத் தற்காலிகமாகத் தன் பெயருக்கு மாற்றச் சொல்பவர், இந்த மூவரிடமும் பேச்சை நிறுத்திவிடுங்கள். பலன் கிடைப்பதற்கு முன் கட்டணம் வாங்க இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு மத்திய விதியே தடை போட்டிருக்கிறது.

10. அவர் திரும்பி வந்த பிறகு

பணி முடிந்த ஆணை அல்லது டி.டி.-214 என்ற பணிமுடிப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் மூன்று தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். 90-ஆம் நாள்: தெரியாமல் வந்த தீர்ப்பைத் திறக்க. 180-ஆம் நாள்: 6 சதவீத வட்டி கேட்டு எழுத. ஓராண்டு முடியும் நாள்: அன்றோடு ஏலப் பாதுகாப்பும் வட்டிக் குறைப்பும் முடிகின்றன, தவணை பழைய அளவுக்கு ஏறும். பாக்கியை எப்படிக் கட்டுவது என்று சர்வீசரோடு பேசி எழுத்தில் முடிவு வாங்க அந்த ஓராண்டுதான் அவகாசம். நாங்கள் நான்காவது மாதத்தில் பேசத் தொடங்கினோம். ஒப்பந்தம் கையில் வர ஒன்பதாவது மாதம் ஆனது.

சர்வீசர் கணக்கில் ஏற்றிய தாமதக் கட்டணம், அவர்களுடைய வழக்கறிஞர் கட்டணம், வீட்டுச் சோதனைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் விவரம் எழுதிக் கேளுங்கள். நடக்கவே கூடாத ஏலத்துக்காகப் போட்ட கட்டணங்களை நாங்கள் ஆட்சேபித்தோம், நீக்கினார்கள். கவுண்டி பதிவேட்டில் ஏல அறிவிப்பு இன்னும் நிற்கிறதா என்றும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.